விளையாட்டும் படிப்புத்தான்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாய் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பாலர் பள்ளி வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். கையில் மகனுடைய நோட்டுப் புத்தகம்.

"டீச்சர், ஸ்கூல் தொறந்து மூனு மாசம் ஆச்சு. இந்த நோட்டுல மூனு பக்கம்கூட எழுதலையே! கேட்டா, மண்ணுல விளையாடினேன், கொட்டை வச்சு விளையாடினேன்னு சொல்றான். பக்கத்து வீட்டுப் பிள்ளை டவுன்ல படிக்குது. அது ரெண்டு நோட்டு முடிச்சிடுச்சு. நாங்க புள்ளையை விளையாடவா அனுப்பினோம்? இப்படியே போனா அவனையும் அங்கேயே மாத்திடுறோம்."

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. பால்மரம் சீவியவர்களின் மகள் அவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். "எனக்குக் கிடைக்காத படிப்பு அவனுக்காவது கிடைக்கணும் டீச்சர்" என்று சொன்னபோது அவர் கண் கலங்கியது. அப்படிப்பட்ட தாயிடம் 'பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்று சொல்வது பதிலாகாது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாரதியார்கூடத் தம் பாப்பாப் பாட்டில் காலையைப் படிப்புக்கும் மாலையை விளையாட்டுக்கும் ஒதுக்கினாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டைத் தொடங்கும்போதே அவர் குழந்தையை விளையாடத்தான் அழைக்கிறார் என்பதையும் மறந்துவிடலாகாது. விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்ற சுவரைக் குழந்தை எழுப்பவில்லை. பெரியவர்களாகிய நாம்தான் எழுப்பினோம். அந்தச் சுவரைத் தாண்டியவர்கள் சிலருடைய வரலாற்றைப் பார்ப்போம், வாருங்கள்.

அரிசியில் தொடங்கிய எழுத்து

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். விஜயதசமி அன்று நாம் என்ன செய்கிறோம்? குழந்தையைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, கோயிலுக்கோ பூசை அறைக்கோ அழைத்துச் சென்று, மடியில் உட்கார வைத்துக்கொள்கிறோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிறோம். அங்கே பென்சில் இல்லை, நோட்டும் இல்லை. விரலும் அரிசியும்தான். குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. நமக்கோ அது வித்தியாரம்பம்!

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இது ஒரு நாள் சடங்காக நின்றுவிடவில்லை. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். தப்பாக எழுதினால் கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் வெறுமையாகிவிடும். எத்தனை தடவை தப்பு செய்தாலும் சுவடு இருக்காது. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். முன்னே படித்த பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

திண்ணைப் பள்ளியில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்படி இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற கொடுமையும் இருந்தது. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்ததும் உண்டு. அவற்றை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அந்த மணலை மட்டும் ஏன் விட்டோம்?

மணலைக் கண்ட பாதிரியார்

நாம் விட்ட மணலை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த அனாதை விடுதிப் பள்ளிக்கு அவர் கண்காணிப்பாளரானார். அங்கே ஆசிரியர்கள் எவ்வளவோ முயன்றும் சிறு பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை.

ஒரு நாள் அவர் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு வழி பிறந்துவிட்டது. திரும்பி வந்து, தம் பள்ளியிலும் மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கும்படி கீழ்வகுப்பு ஆசிரியரிடம் சொன்னார். 'அது நடக்காத காரியம்' என்றார் அந்த ஆசிரியர். பெல் சும்மா இருக்கவில்லை. எட்டு வயதுப் பையனான ஜான் பிரிஸ்கன் என்பவனைக் கூப்பிட்டு, 'நீ சொல்லிக்கொடு' என்று அந்த வகுப்பை அவனிடம் விட்டார். பெரியவரால் முடியாததைச் சிறுவன் செய்து காட்டினான். நம் சட்டாம்பிள்ளை முறைதான் அது!

பெல் 1796இல் இந்தியாவை விட்டுப் போனார். மறு ஆண்டு, 1797இல், இந்தச் சோதனையைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இந்த முறையைப் பின்பற்றின. அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. மணல் தட்டும் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று.

அவர்கள் அதை எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் செலவு குறைவு என்பதே. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துக் கட்டளையிட்டு நடத்தினார்கள். அதில் விளையாட்டின் மகிழ்ச்சி அதிகம் இல்லை. விளையாட்டையே பாடமாக்கலாம் என்று கண்டவர் வேறொருவர்.

குழந்தைகளின் தோட்டம்

அவர் ஜெர்மானியரான பிரீட்ரிக் புரோபெல். 1837இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840இல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். தோட்டத்துப் பெற்றோர்களே, இந்தச் சொல்லைக் கவனியுங்கள்! பாலர் பள்ளிக்கு உலகமே வைத்திருக்கும் பெயரில் நம்முடைய 'தோட்டம்' இருக்கிறது.

புரோபெல் குழந்தைகளுக்குக் கொடுத்த பொருள்கள் மிக எளிமையானவை. முதலில் வண்ண வண்ணக் கம்பளி நூல் பந்துகள். அடுத்து மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. பிறகு அடுக்கிப் பார்க்கச் சிறு மரக்கட்டைகள். உருண்டை உருளும், கனசதுரம் உட்காரும், உருளையோ இரண்டும் செய்யும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டியதில்லை. குழந்தையின் கையே கண்டுபிடித்துவிடும். பாட்டும் ஆட்டமும் உண்டு. செடி நட்டுத் தண்ணீர் ஊற்றக் குழந்தைகளுக்குச் சிறு பாத்தியும் உண்டு.

இதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? ஆனால் 1851ஆம் ஆண்டு பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை பிள்ளைகளைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களாகவும் அரசுக்கு அடங்காதவர்களாகவும் வளர்க்கும் என்று சந்தேகப்பட்டார்கள். மறு ஆண்டே, 1852இல், புரோபெல் மனம் நொந்த நிலையில் காலமானார். 1860இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் அந்த முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். விளையாட்டைப் பார்த்துப் பயந்தவர்களில் நாம் முதல் ஆள் அல்ல. ஓர் அரசாங்கமே பயந்திருக்கிறது.

உரோமாபுரியிலிருந்து அடையாற்றுக்கு

அடுத்துச் சொல்லப்போகும் அம்மையார் நமக்கு இன்னும் நெருக்கமானவர். அவர்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி. 1870இல் இத்தாலியில் பிறந்து மருத்துவம் படித்தவர்.

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்று ஓர் ஏழைக் குடியிருப்பு. அங்கே தாய் தகப்பன் இருவரும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடுவார்கள், சுவரில் கிறுக்குவார்கள். கட்டடத்தை நிர்வகித்தவர்கள், சுவர் பாழாகிறதே என்ற கவலையில், அந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அறையை ஒதுக்கினார்கள். 1907 ஜனவரி 6ஆம் நாள் மாண்டிசோரி அங்கே 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். ஏறக்குறைய 50 பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் ஆசிரியர் பயிற்சி பெறாத ஒரு சாதாரணப் பெண்.

இப்போது கேளுங்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மாண்டிசோரியிடம் வந்து, 'எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். நோட்டோடு என் வகுப்பு வாசலில் நின்ற அந்தத் தாய் கேட்டதும் இதுதானே? நூறு ஆண்டுகளுக்கு முன்பு உரோமாபுரியிலும் ஓர் ஏழைத் தாயின் ஏக்கம் இதுவாகவே இருந்தது.

மாண்டிசோரி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பென்சிலைப் பிள்ளைகள் கையில் திணிக்கவும் இல்லை. சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை எழுத்தின் ஓசையைச் சொல்லிக்கொண்டே, விரலால் அதன் மேல் தடவிப் பார்க்கும். மணலும் விரலும் ஓசையும் மறுபடி ஒன்று சேர்ந்தன. சில மாதங்களில், யாரும் கட்டாயப்படுத்தாமலே, பிள்ளைகள் தாமாக எழுதத் தொடங்கினார்கள். எழுதத் தெரிந்த மகிழ்ச்சியில் தரையிலும் கதவிலும் சாக்கட்டியால் எழுதித் தள்ளினார்கள்.

மாண்டிசோரி இதை 'விளையாட்டு' என்று சொல்லவில்லை. 'குழந்தையின் வேலை' என்றே சொன்னார். அந்த வகுப்பில் கூச்சலும் இல்லை, குழப்பமும் இல்லை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இன்னொரு பிள்ளை வைத்திருப்பதைப் பிடுங்கக்கூடாது. ஆகவே விளையாட்டு என்றால் ஒழுங்கு கெட்டுப்போகும் என்று நினைப்பது தவறு.

இந்த அம்மையார் 1939இல், தம் 69ஆம் வயதில், மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் இருக்கும் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அவர்களை அழைத்திருந்தார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அங்கே கூடி, ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி பெற்றார்கள். சில மாதங்கள் மட்டும் தங்குவதாகத்தான் ஏற்பாடு.

ஆனால் 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்ற காரணத்தால் மரியோவை ஆங்கில அரசு அகமதுநகர் முகாமில் அடைத்தது. மாண்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவரது 70ஆம் பிறந்த நாளான 1940 ஆகஸ்ட் 31 அன்றுதான் மகனுக்கு விடுதலை கிடைத்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கிப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் பணியாற்றினார். 1944இல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றுவிட்டார்கள். பிறகு மறுபடியும் இந்தியா வந்தார். 'ஈர்க்கும் மனம்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றில்தான் அச்சாயிற்று. 1952இல் அவர் காலமானார்.

வளாகத்துக்கு வெளியே போக முடியாத நிலையிலும் ஒரு முதிய பெண்மணி நம் தமிழ் மண்ணில் உட்கார்ந்து பாலர் கல்வியை வளர்த்தார். அதே காலத்தில் நம் மலாயாவில் என்ன நடந்தது? 1941 டிசம்பரில் பினாங்கு நகரத்தில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. நம் தோட்டத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். பலர் திரும்பவில்லை. அப்பா இல்லாத லயங்களில் நம் பாட்டிமார்களும் ஆயாக்களும்தான் பிள்ளைகளைக் கட்டிக் காத்தார்கள். அந்த ஆயாக்களின் கதை எந்தப் புத்தகத்திலும் அதிகம் இல்லை. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நம் ஆயாக் கொட்டகை

பினாங்கில் கல்வியின் வரலாறு மிகப் பழமையானது. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அதன் கீழே தமிழ் வகுப்பும் நடந்ததாக நம் கல்வி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பார்க்குவார் சாலையில் அந்தப் பள்ளி பின்னாளில் இயங்கிய கட்டடம்தான் மாநில அரும்பொருளகமாக மாறியது. கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் பத்து காவான் முதலிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைச் சட்டம் எப்போது கண்டுகொண்டது? கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அந்தத் தோட்டத்தில் பள்ளி அமைக்கச் சொல்ல அச்சட்டம் வழி செய்தது. பள்ளி வயது என்றால் ஏழு முதல் பதினான்கு வரை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடக்கும்.

ஏழு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளை? சட்டத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை மாணவன் இல்லை. அதிகாலையில் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவாள். அங்கே வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். மரம் சீவ முடியாமல் வயதாகிப்போன ஓர் ஆயா. அழுகிற பிள்ளைக்குத் தாலாட்டு, நடக்கிற பிள்ளைக்குக் கதை.

அந்த ஆயாவுக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அவர் கொட்டகையில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நம் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். தரையில் கிடந்த ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி எண்ணினார்கள். தேங்காய்ச் சிரட்டையில் மண் சோறு சமைத்து, 'உனக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு' என்று பங்கு வைத்தார்கள். மண்ணைக் குழி தோண்டிப் பல்லாங்குழி ஆடினார்கள்.

பல்லாங்குழியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பதினான்கு குழி. ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு குழிக்கு ஒரு காய். எண்ணிக்கையின் அடிப்படையே அதுதான். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நான்கு என்பதைக் கண் பார்த்ததும் சொல்ல வேண்டும். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போட வேண்டும். நம் மலாய்ச் சகோதரர்கள் இதன் உறவான ஆட்டத்தைச் 'சோங்காக்' என்கிறார்கள். நம்முடைய அஞ்சாங்கல் அவர்களுக்கு 'பத்து செரம்பான்'. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மொழி தெரியாமலே சேர்ந்து ஆடலாம்.

புரோபெலின் மரக்கட்டையும் மாண்டிசோரியின் மணிச்சரமும் செய்யும் வேலையைத்தான் நம் ரப்பர் கொட்டையும் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் நுழைந்ததும், 'விளையாட்டெல்லாம் போதும்' என்று சிலேட்டைக் கொடுத்து உட்கார வைத்தோம். பலர் அங்கேயே தடுக்கி விழுந்தார்கள். 'மண்டையில ஏறல' என்று பெயர் வாங்கிக்கொண்டு, பெற்றோர் பின்னாலேயே காட்டுக்கு வேலைக்குப் போனார்கள்.

பாடத்திட்டம் சொல்வது

காலம் மாறியது. 1983இல் நாடு முழுவதும் தொடக்கப்பள்ளிகளில் புதிய பாடத்திட்டம் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் நடவடிக்கைகள் வழியாகச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. ஒரு காலத்தில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதிருந்த சிறு குழந்தை அன்றுதான் கணக்கில் வந்தது. 2003இல் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010இலும் 2017இலும் அது சீரமைக்கப்பட்டது. விளையாட்டின் வழி கற்றல் அதில் தெளிவாகவே இடம் பெற்றது. ஆகவே நான் மணல் தட்டை வகுப்பில் வைத்தது என் சொந்த விருப்பத்துக்காக அல்ல.

இருந்தாலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் நானும் நோட்டு டீச்சராகத்தான் இருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் படித்ததையெல்லாம் மறந்து, பெற்றோர் பாராட்ட வேண்டும் என்பதற்காகப் பக்கம் பக்கமாக 'அ' எழுத வைத்தேன். ஒரு பையன் தினமும் பென்சில் முனையை உடைத்துவிடுவான். குறும்பு என்று நினைத்துப் பல நாள் திட்டினேன். கை வலித்ததால்தான் அவன் அப்படிச் செய்தான் என்பது எனக்குப் புரிய ஓர் ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவன் முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டான். எழுத்து என்றாலே அவன் முகம் சுளிப்பான். அந்தக் கடன் எனக்கு இன்னும் இருக்கிறது.

கை ஏன் வலிக்கிறது? நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். ஐந்து வயதில் எட்டும் உருவாகி முடிந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு மணி நேரம் எழுதச் சொல்வது தகுமா?

இதைத் தோட்டத்துக்காரர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் கன்றை நட்டவுடனே யாராவது உளி வைப்பார்களா? ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள் காத்திருந்து, மரத்தின் சுற்றளவை அளந்து பார்த்து, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதானே சீவுவார்கள்? அவசரப்பட்டுச் சீவினால் மரம் கெட்டுவிடும் என்று மண்டோருக்குத் தெரியும். காத்திருக்கும் காலத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. களை எடுக்கிறார்கள், உரம் போடுகிறார்கள். மரத்துக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் ஐந்தில் வளைப்பது வேறு, ஐந்தில் ஒடிப்பது வேறு. பின்லாந்து நாட்டில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள். அதற்கு முன் விளையாட்டோடு கூடிய பாலர் கல்விதான். அந்த நாடு படிப்பில் பின்தங்கிவிடவில்லை.

வகுப்பில் நடப்பது என்ன?

விளையாட்டு என்றால் பிள்ளைகளைத் திடலில் அவிழ்த்துவிடுவது என்று நினைக்க வேண்டாம். களிமண்ணைப் பிசைவதும், தாளைக் கிழித்து ஒட்டுவதும், துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தித் திறப்பதும் விரலுக்குப் பயிற்சி. அந்த விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். மணல் தட்டில் முதலில் கோடு, வளைவு, சுழி. பிறகு ட, ப, ம போன்ற எளிய எழுத்துகள். அதன் பிறகே வளைவும் சுழியும் கலந்த அ, ஆ. கடை விளையாட்டில் ஒரு பிள்ளை கடைக்காரர், ஒரு பிள்ளை வாங்க வந்தவர். 'ரெண்டு ரிங்கிட் குடுத்தேன், மிச்சம் எங்கே?' என்ற கேள்வியில் கழித்தல் கணக்கு வந்துவிடுகிறது. தன் முறைக்குக் காத்திருப்பதும், தோற்றாலும் அழாமல் இருப்பதும் அங்கேதான் படிகின்றன.

பெற்றோர்களே, வீட்டிலும் இதற்குப் பணம் செலவில்லை. புளியங்கொட்டை பத்து போதும். சமைக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டுப் பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். விஜயதசமிக்கு எடுத்த அந்த அரிசித் தட்டை வாரம் ஒரு முறை மறுபடியும் எடுங்கள். கைத்தொலைபேசியில் ஓடும் விளையாட்டு இதற்கு ஈடாகாது. அதில் விரல் தடவுகிறது, ஆனால் கை எதையும் உணர்வதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வாருங்கள். அதைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எட்டு வயது ஜான் பிரிஸ்கனைப் போல நீங்களும் சட்டாம்பிள்ளை ஆகலாம்.

அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 'அக்கா, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில வந்து வகுப்புல உட்காருங்க' என்று மட்டும்தான் அன்று என்னால் சொல்ல முடிந்தது. அடுத்த வாரம் ஓய்வு நாளில் வந்தார். பின்னால் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் அவர் கையைப் பிடித்து மணல் தட்டுக்கு இழுத்துப்போய், அவருடைய விரலைப் பிடித்து 'ம' போட்டுக் காட்டினான். "இப்படி இல்லம்மா, மேலேருந்து கீழே வரணும்" என்று திருத்தவும் செய்தான். அவர் சிரித்துவிட்டார்.

அவர் முழுதும் ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். "இருந்தாலும் வாரத்துக்கு ஒரு பக்கமாவது எழுத வைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் சரி என்றேன். வாரம் ஒரு பக்கம் அனுப்பினேன். மகனை அவர் வேறு பள்ளிக்கு மாற்றவில்லை. பையன் இப்போது முதலாம் ஆண்டில் படிக்கிறான். எழுத்து நிதானமாகத்தான் வருகிறது. ஆனால் நோட்டைத் திறக்கும்போது அவன் முகம் சுளிப்பதில்லை.

இன்று மேடையில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் பரிசு வாங்குவார்கள். அவர்களுக்கு என் வாழ்த்துகள். கை தட்டி மகிழ்வோம். ஆனால் கீழே உட்கார்ந்து, நாற்காலிக்கு அடியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பிள்ளையைத் 'சும்மா இரு' என்று அதட்டிவிடாதீர்கள். அதுவும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.